வியோலா தனிக்கலைஞர் ஒருவர் பள்ளிக்கு வருகிறார்: ஒரே நாள், அவரிடம் என்ன கேட்பது?

யீஷூன்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள் நான். முதல்முறையாக ஓர் இழை தொடங்குகிறேன்.

என் மகள் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டு படிக்கிறாள். பள்ளியின் தந்தி இசைக்குழுதான் அவளுடைய இணைப்பாட நடவடிக்கை. வயலின் கேட்டுச் சேர்ந்தாள். கை நீளமாக இருக்கிறது என்று வியோலாவைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் வியோலா தனிக்கலைஞர் கச்சேரிக்காக இங்கே வருகிறார். தெரிந்தவர் ஒருவர் மூலம் பேசி, ஒரு முழு நாள் எங்கள் பள்ளிக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பகலில் பிள்ளைகளோடு பயிற்சி, மாலையில் மண்டபத்தில் அரை மணி நேர வாசிப்பு.

பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பதால் நிகழ்ச்சி நிரல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இளையர் விழாவுக்கான (பள்ளிக் குழுக்களை மதிப்பிடும் கலைவிழா) உருப்படியைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்கிறார் ஆசிரியர். நல்ல புகைப்படம் வேண்டும் என்கிறது நிர்வாகம் (வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் புரிகிறது). இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்த மூன்று வயலின் பிள்ளைகளை மேடையேற்றி அவர் முன்னால் வாசிக்கவிட வேண்டும் என்பது சில பெற்றோரின் கட்சி. வருகிறவர் வியோலாக் கலைஞர், ஆனால் குழுவில் வியோலா வாசிக்கும் நாலு பேரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வியோலா என்றால் கொஞ்சம் பெரிய வயலின் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

அரட்டை_அய்யாசாமி

கேள்வி: வயலின் திருடு போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
பதில்: வியோலாப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வியோலா என்று யார் பேச்செடுத்தாலும் முதல் பதில் ஜோக்காக இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. கடமை முடிந்தது, இனி பெரியவர்கள் பேசட்டும்.

தந்தி_வைத்தியர்

அய்யாசாமி அண்ணே, ஆரம்பிச்சாச்சா.

அக்கா, 'கொஞ்சம் பெரிய வயலின்' என்பது சரிதான், அதன் சிக்கலும் அந்தக் 'கொஞ்சத்தில்'தான் இருக்கிறது. முழு வயலினின் உடல் நீளம் எங்கே போனாலும் 14 அங்குலம். வியோலாவுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. பெரியவர்கள் வாசிப்பது 15லிருந்து 17 அங்குலம் வரை எதுவாகவும் இருக்கும். தந்திகள் சி, ஜி, டி, ஏ, அதாவது வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே. கணக்குப்படி பார்த்தால் அந்தச் சுருதிக்கு உடலும் ஒன்றரை மடங்கு, 21 அங்குலம் இருக்க வேண்டும். அதைத் தாடைக்கடியில் வைத்து வாசிக்க எந்த மனிதனுக்கும் கை எட்டாது. ஆக, சுருதி கீழே போய்விட்டது, பெட்டி அதற்கேற்ற அளவு வளரவில்லை. சி தந்தி 131 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று நன்றாக அதிர்வது அதைவிட ரொம்ப மேலே. அதனால்தான் கீழ்த்தந்தியில் அந்தக் கரகரப்பு. அந்தக் குரலுக்காகவே இந்த வாத்தியத்தைப் பிடித்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது வேலைக்கு வருவோம். பள்ளியின் நாலு வியோலாவையும் யாராவது பார்த்தார்களா? பள்ளிகளிலிருந்து என்னிடம் வருவதெல்லாம் சாய்ந்த குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு), செத்துப்போன சி தந்தி, முடி கொட்டிய வில். தந்தி மாற்றுவதானால் உடனே மாற்றுங்கள். புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க ஒரு வாரமாவது ஆகும். முதல் நாள் சாயங்காலம் மாற்றினால் மறுநாள் முழுக்கச் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும்.

அவருக்கு ஒதுக்கும் அறையில் ஏசியைக் காலையிலேயே போட்டு, கடைசிவரை ஓடவிடுங்கள். வாத்தியத்துக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் நல்லது. உங்கள் ஊரில் வெளிக்காற்று பெரும்பாலும் 80ஐ ஒட்டித்தான் இருக்கும். ஈரம் ஏறி ஏறி இறங்கினால்தான் ஒட்டு விடும். அவர் கொண்டுவருவது பழைய வாத்தியமாக இருந்தால் இதை நீங்களே கவனித்துச் செய்ததைப் பார்த்து அவருக்குப் பாதி மனசு குளிர்ந்துவிடும்.

நடுத்தந்தி

வணக்கம் அக்கா. நான் லண்டனில இருக்கிறன். சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நிலத்தில இருந்து கர்நாடக வயலின், கிழமை நாளில இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில நிண்டுகொண்டு வியோலா, இப்பிடித்தான் வளந்தனான். இப்பவும் வார இறுதியில ஒரு ஓகெஸ்ட்ராவில வாசிக்கிறன்.

நான் படிக்கேக்க எங்களுக்கும் ஒருத்தர் வந்தவர். உங்கட பெற்றோர் சொல்லுறமாதிரியே கெட்டிக்காரப் பிள்ளையள் மூண்டு பேரை மேடையில ஏத்தினவை. மிச்ச ஆக்கள் கதிரையில இருந்து பாத்தம். அந்த மூண்டு பேருக்கும் ஏற்கெனவே வீட்டை வந்து படிப்பிக்கிற நல்ல வாத்திமார் இருந்தவை. வந்தவர் சொன்னதைத்தான் அந்த வாத்திமாரும் போன கிழமை சொல்லியிருப்பினம். எங்களுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை, கால் விறைச்சதுதான் ஞாபகம்.

என்ர கருத்து இதுதான்: வரப்போற கலைஞரை நடு வரிசைக்குக் குடுங்கோ. நாலு வியோலா, ரெண்டாம் வயலின் எல்லாரும். குழுவில மெட்டு வாசிக்கிறவையைத் திருத்த ஆயிரம் பேர் இருக்கினம். நடுவில இருக்கிறவைக்கு 'சத்தம் குறை', 'தாளம் பிந்தாதை' இந்த ரெண்டு வசனத்தைத் தவிர ஒருத்தரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கிறேல்லை.

றெபேக்கா கிளார்க் எண்டு ஒரு இசையமைப்பாளர் இருந்தவ. லண்டனில ஸ்ரான்ஃபோர்ட் எண்ட இசையமைப்பாளரிட்டப் படிச்சவ. அவர்தான் வயலினை விட்டிட்டு வியோலாவுக்கு மாறச் சொன்னவர். சத்தத்தின்ர நடுவில இருந்தாத்தான் பாட்டு எப்பிடிக் கட்டப்படுது எண்டு தெரியும் எண்டது அவரின்ர காரணம். 1919இல அமெரிக்காவில நடந்த போட்டியொண்டில அவவின்ர வியோலா சொனாட்டாவும் ஏர்னஸ்ற் புளொக்கின்ர வேலையும் சரிசமனா வந்து, கடைசியில புளொக்குக்குப் பரிசு போனது. பேர் மறைச்சு நடந்த போட்டி. ஒரு பொம்பிளை இப்பிடி எழுதுவாவோ எண்டு அப்ப சந்தேகப்பட்ட ஆக்களும் இருந்தவை. இண்டைக்கு வியோலாக்காரர் வாசிக்காமல் விடாத உருப்படிகளில அது ஒண்டு.

மாலைக் கச்சேரிக்கு ஒரு யோசனை. அவ தனிய வாசிச்சிட்டுப் போறதை விட, பிள்ளையளோட சேந்து ஒண்டு வாசிக்கக் கேளுங்கோ. ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித்தின்ர 'ட்ராவர்மியூசிக்' (இரங்கல் இசை) தனி வியோலாவுக்கும் தந்திக் குழுவுக்கும் எழுதினது, மொத்தம் எட்டு நிமிசம் வரும். அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. 1936 சனவரியில தன்ர புது வியோலாக் கொன்செர்ட்டோவை (தனி வாத்தியமும் ஓகெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கிற உருப்படி) வாசிக்க அவர் லண்டனுக்கு வந்தவர். 20ஆம் திகதி நடுச்சாமத்துக்குக் கொஞ்சம் முந்தி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் செத்துப்போனார். கச்சேரி ரத்து. பிபிசிக்காரர் ஒரு அறையைக் குடுத்து விட்டவை. அடுத்த நாள் காலமை 11 மணிக்கு எழுத இருந்தவர், பின்னேரம் 5 மணிக்கு முடிச்சிட்டார். பிறகு ஏட்ரியன் போல்ட் நடத்த, தானே தனி வியோலா வாசிச்சு, வானொலியில நேரடியாப் போனது. கடைசிப் பகுதி ஒரு தேவாலயப் பாட்டு. குழு ஒரு வரி வாசிச்சு நிப்பாட்டும், தனி வியோலா தன்ர பாட்டில ஏதோ சொல்லும், பிறகு குழு அடுத்த வரி. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு அந்தப் பகுதி எட்டும்.

மயிலை_வில்

நமஸ்காரம். அடியேன் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுத்தே நரை கண்டவன். மேற்கத்திய வாத்தியத்தில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை, ஆனாலும் கற்பித்தல் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு நாளில் வாத்தியம் வராது. விருந்தாளி வந்தால் வீடு சுத்தமாகும், அவ்வளவுதான். வயலினே நம் சங்கீதத்துக்குள் எப்படி வந்தது? பாலுசாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பிய வித்வானிடம் மூன்று வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், மணலி முதலியாரின் ஆதரவில். அவர் ஒரே நாள் பட்டறைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. அந்த மூன்று வருஷம் இல்லையென்றால் இன்றைக்கு எங்கள் மேடையில் பக்கவாத்தியமே வேறாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் 'மாஸ்டர் கிளாஸ்'. முன்வரிசையில் கைப்பேசிகள். பிள்ளை வாசிக்கிறது, வந்தவர் 'அழகு' என்கிறார், இரண்டு குறிப்புச் சொல்கிறார், கைதட்டல். குரு என்பவர் மறுநாளும் இருக்க வேண்டியவர். இந்தப் பணத்தில் உள்ளூர் ஆசிரியருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தால் நாலு பேரும் உருப்படுவார்கள்.

சாயங்கால_ரிகர்சல்

மயிலை ஐயாவுக்கு வணக்கம். சென்னையில் ஒரு பள்ளியில் மேற்கத்திய இசை ஆசிரியராக இருக்கிறேன். சம்பளம் கூட்டச் சொன்னதற்கு என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாலுசாமி தீட்சிதர் விஷயத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன், ஐயா. அந்த ஐரோப்பியர் அவருக்குச் சங்கராபரணமா கற்றுக்கொடுத்தார்? வாத்தியத்தைப் பிடிக்கும் விதத்தையும் வில் போடும் விதத்தையும் கொடுத்தார். அதை வைத்து என்ன செய்வது என்பதைத் தீட்சிதர் தன் வீட்டில் கண்டுபிடித்தார். ஏற்கெனவே காது பழுத்தவருக்கு வெளி ஆள் கொடுத்தது பயன்பட்டது. பள்ளியில் அப்படிக் காது பழுத்தவர் பெரும்பாலும் ஒருவர்தான், அங்கே தினமும் வேலை பார்க்கும் ஆசிரியர்.

ஆகவே யீஷூன் அக்கா, என் ஆலோசனை கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். உங்கள் பள்ளியின் தந்தி ஆசிரியரும் அன்றைக்கு வாத்தியத்தோடு பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரட்டும், ஓரமாக நின்று படம் எடுக்க வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் எல்லாத் தந்திக்கும் ஒரே ஆசிரியர், அவரும் வயலின்காரர். வியோலா வில் வயலின் வில்லைவிடக் கனம், ஏறத்தாழ 70 கிராம், வயலின் வில் 60. தந்தியும் தடிமன். வயலின்போல வேகமாக இழுத்தால் சி தந்தி பேசவே பேசாது. மெதுவாக, கையின் எடையை இறக்கி இழுக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு ஒரு நாளில் பழக்க முடியாது, ஐயா சொன்னது சரி. ஆனால் ஆசிரியருக்கு ஒரு மணி நேரத்தில் காட்டிவிடலாம், மீதி வருஷம் அவர் பார்த்துக்கொள்வார்.

இளையர் விழா உருப்படியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதைத் தொட்டால் எல்லாரும் மதிப்பெண் கணக்கில் இறங்கிவிடுவார்கள்.

பின்வரிசை

நானும் சிங்கப்பூர்தான், இப்போ ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதல் வருஷம். நாலு வருஷம் வியோலா, கடைசி வரிசை.

அக்கா, ஒண்ணு மட்டும் சொல்றேன். நாலு பேரையும் தனியா வாசிக்கச் சொல்லாதீங்க. எங்களுக்கு யாரும் தனியா வாசிக்கக் கத்துக்கொடுக்கல. திடீர்னு வெளிநாட்டுக்காரர் முன்னாடி எழுப்பி நிறுத்தினா செத்துடுவோம். முதல் வருஷத்தில எனக்கு ஆல்டோ கிளெஃப் படிக்கவே தெரியாது. கோடுகள் அதேதான், ஆனா நடுக்கோடுதான் நடு சி. வயலின்லேர்ந்து மாத்திவிட்டவங்க எல்லாரும் விரல் நம்பர் எழுதிவச்சுதான் ஓட்டுவோம். இதை ஆசிரியர்கிட்ட சொல்ல வெட்கம். வர்றவங்க அந்தப் பென்சில் நம்பரைப் பாத்தா ஒண்ணும் சொல்லாம இருந்தா நல்லாருக்கும்.

வயலினே இல்லாத பாட்டு ஒண்ணு இருக்கு தெரியுமா? பாக்கோட ஆறாவது பிராண்டன்பர்க் கொன்செர்ட்டோ. மேல ரெண்டு வியோலா, கீழே செல்லோ மாதிரி வாத்தியங்கள், அவ்வளவுதான். பாக்குக்குக் குழுவில வியோலா வாசிக்கப் பிடிக்கும்னு அவரோட மகன் எழுதி வச்சிருக்கார். எங்க குழுவில யாருக்குமே இது தெரியாது. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்திருப்போம்.

நடுத்தந்தி

பின்வரிசைத் தங்கச்சி/தம்பி, விரல் நம்பர் நாங்களும் எழுதினனாங்கள். ஓகெஸ்ட்ராவில இப்பவும் எழுதிற ஆக்கள் இருக்கினம், பேர் சொல்ல மாட்டன்.

மயிலை ஐயா, நீங்கள் சொல்லுற கைதட்டல் மாஸ்டர் கிளாஸ் எனக்கும் பிடிக்காது. ஆனா வியோலாவுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. தனி வாத்தியமா அது நிமிந்ததே போன நூற்றாண்டிலதான். லயனல் டெர்ட்டிஸ் எண்டவர் மாணவனா இருக்கேக்க, நாலு பேர் குழுவில வியோலாவுக்கு ஆள் இல்லை எண்டு எடுத்து வாசிக்கத் தொடங்கினவர்தான். பிறகு ஆயுள் முழுக்க இசையமைப்பாளரிட்ட எல்லாம் வியோலாவுக்கு எழுதுங்கோ எழுதுங்கோ எண்டு கேட்டுத் திரிஞ்சவர். அப்பிடிக் கேட்டும், 1929இல வால்ட்டன் அருமையான கொன்செர்ட்டோ ஒண்டை எழுதி அனுப்ப, இது புரியேல்லை எண்டு திருப்பி அனுப்பினவரும் அவர்தான். கடைசியில அதை முதல் வாசிச்சது ஹிண்டமித். ஒரு தனி வியோலாக்காரரை நேரில காணாமலே வியோலா வாசிச்சு முடிக்கிற பிள்ளையள்தான் கூட. அதுக்காகவெண்டாலும் ஒரு நாள் பிரயோசனம்.

மயிலை_வில்

காண்பதில் பயன் உண்டு, மறுக்கவில்லை. கேள்வி ஞானம் என்று நாங்களும் சொல்வோம். ஆனால் அதற்குப் பெயர் கச்சேரி. கற்பித்தல் என்று பெயர் வைக்காதீர்கள்.

யீஷூன்_அம்மா

நிகழ்ச்சி முடிந்தது. இங்கே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தேன், சொல்கிறேன். நீளமாக இருக்கும்.

நிரல் போடுவதில் நான் முழுக்க ஜெயிக்கவில்லை. காலையில் முக்கால் மணி நேரம் அந்த மூன்று வயலின் பிள்ளைகளுக்குப் போனது. மிச்சம் முழுக்கக் குழுவுக்கு. இளையர் விழா உருப்படியைத் தொடவில்லை. குழுவிடம் ஏற்கெனவே இருந்த எல்காரின் 'செரினேட்' முதல் பகுதியை எடுத்துக்கொண்டார். அது வியோலாக்களின் சின்னத் தாள உருவோடுதான் தொடங்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாள் மகள் வீட்டில் 'டட்ட டட்ட' என்று ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்து கேட்கிற அளவுக்குத் தேய்த்தாள்.

அவர் வயலின்களை மடியில் வைக்கச் சொன்னார். வியோலாக்களின் அந்தத் தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாங்கினார். எந்த இடத்திலும் 'தப்பு' என்று சொல்லவில்லை. 'இதில் யார் நடக்கிறார்கள், யார் ஓடுகிறார்கள்?' என்று வயலின் பிள்ளைகளிடம் கேட்டார். அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்த இடத்தைத் தினமும் கேட்டுக்கொண்டே அடுத்துத் தாங்கள் வாசிக்கப் போவதையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு வயலின் பிள்ளைகளை அந்தத் தாளத்தை வாயால் சொல்லச் சொன்னார். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி சொல்கட்டு போலச் சொல்லிவிட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதையே பிடித்துக்கொண்டு முழுக் குழுவையும் அப்படியே சொல்லவைத்தார். அதற்குப் பிறகு வயலின்கள் சேர்ந்தபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

நடுவில் தன் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கேயிருந்தே குழுவை நடத்தினார். எங்கள் ஆசிரியரும் பக்கத்தில் ஒரு வியோலாவோடு உட்கார்ந்தார் (சாயங்கால_ரிகர்சல் சாருக்கு நன்றி, கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது). வில்லின் எடையை இறக்குவது எப்படி என்று ஆசிரியரின் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். பிள்ளைகளுக்கு அது ஒரே குதூகலம், ஆசிரியரும் மாணவர் ஆகிவிட்டாரே.

பென்சில் நம்பரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசை, இது உங்களுக்காக.

மாலையில் பாக்கின் செல்லோ தனித்தொகுப்பிலிருந்து ஜி மேஜரை வியோலாவில் வாசித்தார். செல்லோவுக்கும் வியோலாவுக்கும் தந்திகளின் பெயர் ஒன்றே, வியோலா ஒரு ஸ்தாயி மேலே, அதனால் அப்படியே கைக்கு வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். ஹிண்டமித்தில் கடைசிப் பகுதியைக் குழுவோடு வாசித்தார். ஒரு வரி முடிந்து நிற்கும் இடத்தில் முதல் வயலினில் ஒரு பையன் முன்னாலேயே கிளம்பிவிட்டான். அவர் சிரித்துவிட்டு அதையும் சேர்த்தே கொண்டுபோனார்.

அந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோருக்குத் திருப்தியில்லை. முக்கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் மணிதானே என்று கேட்டார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை. அடுத்த முறை யாராவது வந்தால் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானமாகிவிட்டது. அப்படியானால் நடு வரிசை மறுபடி கதிரையில் உட்கார்ந்து பார்க்கும்.

மயிலை_வில்

படித்தேன். விதுஷி கடைசி வரிசையில் உட்கார்ந்தார் என்பதை ரசித்தேன். பக்கவாத்தியக்காரனுக்கு அது புரியும். என் கேள்வி அப்படியே இருக்கிறது, அவர் போன பிறகு அடுத்த வாரம் என்ன நடந்தது?

யீஷூன்_அம்மா

நியாயமான கேள்வி, ஐயா. பயிற்சி தொடங்கும்போது ஆசிரியர் இப்போது முதலில் வியோலாவையும் இரண்டாம் வயலினையும் மட்டும் வாசிக்கவைக்கிறாராம். அவரே வியோலா எடுத்துப் பழகுகிறார். மற்றபடி பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சி தந்தி இன்னும் கரகரக்கத்தான் செய்கிறது.

மயிலை_வில்

ஆசிரியர் வாத்தியம் எடுத்துவிட்டார் என்றால் நான் வாபஸ் வாங்குவதில் பாதி. மீதிப் பாதியை இளையர் விழா முடிந்த பிறகு பேசிக்கொள்வோம்.

அரட்டை_அய்யாசாமி

மயிலை ஐயா பாதி வாபஸ் வாங்கிய இழை என்று இதைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும்.

யீஷூன்_அம்மா

தந்தி_வைத்தியர் தம்பிக்கு ஒரு கேள்வி. போகும்போது அவர் என் மகளிடம், உன் வியோலா உனக்குப் பெரிது, இடது தோள் ஏறிக்கொள்கிறது, சின்னது கேள் என்றார். பள்ளியில் இருப்பது 16 அங்குலம். கை நீளம் என்றுதானே வியோலாவே கொடுத்தார்கள்? பள்ளியிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

தந்தி_வைத்தியர்

அக்கா, கை நீளமாக இருப்பது வேறு, விரல் விரிவது வேறு. பதினான்கு வயதுக்கு 16 பெரும்பாலும் அதிகம். வாத்தியத்தைத் தோளில் வைத்து, இடது கையை அடியில் நீட்டச் சொல்லுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கியபடியே சுருள் தலை உள்ளங்கையில் அடங்க வேண்டும். கை விறைப்பாக நீண்டால்தான் எட்டுகிறது என்றால் பெரிது. அடுத்து, சி தந்தியில் நாலாவது விரலை வைக்கச் சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டு வெளியே பிதுங்கினால் அதுவும் பெரிது என்றுதான் அர்த்தம்.

பள்ளியிடம் 15 அங்குலம் என்று கேளுங்கள், அது இல்லையென்றால் 15½. கூடவே தந்தி நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், அதாவது நட்டிலிருந்து (விரற்பலகையின் தலைப்பக்க முனையில் தந்திகள் பதியும் மேடு) குதிரை வரை. ஒரே 16 அங்குல உடலிலும் ஒருவர் கழுத்தை நீட்டிச் செய்திருப்பார், இன்னொருவர் குறுக்கிச் செய்திருப்பார். விரலுக்குத் தெரிவது அந்த நீளம்தான். சின்ன வியோலாவில் சி தந்தி இன்னும் கொஞ்சம் மெலியும். அதற்கு டங்ஸ்டன் சுற்றிய சி தந்தி கிடைக்கும், விலை கூடுதல், சி ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். தோள் போனால் மாற்றுத் தோள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

தந்திக்கும் விரற்பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். தந்தி ரொம்ப உயரமாக நிற்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.